அக்கா பார்க்காத வரி

அத்தியாயம் பதினேழு

நாத்தனாரைத் திட்டி இந்த வாரம் எனக்குப் பதினொரு கடிதங்கள். அந்த அம்மாளுக்கு நாக்கில் ஒரு கொப்புளமாவது வரவழைத்துவிடுங்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனால் கூடப்பிறந்த தம்பி, அதாவது நம் அத்தான், கட்டிலில் கிடக்கும்போது யார் மேலாவது எரிந்து விழாமல் அவரால் இருக்க முடியவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அத்தான் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷம் ஓட்டியதில் முதுகு போய்விட்டது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே ஓட்டினார். ஆறு வாரத்துக்கு முன்னால் உடம்பு ஓய்ந்து வருகிறது என்றார். அக்கா விடாப்பிடியாக லேபுக்கு இழுத்துப்போய் ரத்தம் கொடுக்க வைத்தாள். ரிப்போர்ட் லேபின் இணையதளத்தில் வந்தது. அக்கா அதைக் கைபேசியில் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். அத்தானும் நிம்மதியாக மாத்திரையை முழுங்கிக்கொண்டு வண்டியெடுக்கப் போனார்.

போன வாரம் பணிமனை வாசலில் சுருண்டு விழுந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் லேபிலிருந்து அந்தப் பழைய ரிப்போர்ட்டின் அச்சுப்பிரதியை வரவழைத்துப் பார்த்தார். கிரியாட்டினின் என்ற வரியில், ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய அளவு மூன்றைத் தொட்டிருந்தது. அன்றைக்கே வந்திருந்தால் மாத்திரையை நிறுத்தியே சரிப்படுத்தியிருக்கலாம், இதை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவின் வேலை என்ன தெரியுமா? அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது. அதுவும் மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, அந்தப் பொடி எழுத்துத் தாள். இருபத்து மூன்று வருஷமாக அதில் ஒரு புள்ளியைக்கூட அவள் விட்டதில்லை. நாற்பத்தேழு வயதிலும் கண்ணாடி கிடையாது. அந்த வரி நான் பார்த்தபோது அங்கே இல்லை என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திறந்து காட்டு என்ற நாத்தனார் அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். காட்டவும் வழியில்லை. உள்ளே நுழைவதற்கான எண் அத்தானின் கைபேசிக்குத்தான் வரும். அவர் விழுந்தபோது அது சுக்குநூறாகிவிட்டது.

ஆகவே நேற்று அக்கா தன் தம்பிக்குப் போன் செய்து, உங்கள் ஆபீஸ் பக்கத்தை நீயே ஒரு தடவை பார் என்று சொன்னாள். தம்பி அந்த லேபில்தான் கணினிப் பிரிவில் இருக்கிறான். பள்ளிக்கூட வயதிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவனுக்குப் பெயர் சோடாதான்.

இன்று காலை ஒன்பதரைக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சோடா அக்கா சொன்னதைப் பாதிதான் நம்பியிருந்தான். பதற்றத்தில் விட்டிருப்பாள், பாவம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தான். அக்காவின் கண்ணைச் சந்தேகப்பட்டவர்களில் இவனும் ஒருவன். நாத்தனாரைத் திட்டி எழுதுகிறவர்கள் இதையும் கொஞ்சம் குறித்துக்கொள்ளவும்.

கணினிப் பிரிவு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தரைத்தளத்தில், ரத்தக் குப்பிகளை வைக்கும் குளிர்பெட்டிகளுக்குப் பின்னால் ஓர் அறை. சுவர் நாள் முழுக்க லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். உட்காருகிற மூன்று பேரும் வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள்.

முதலில் உள்ளே சேமித்து வைத்திருக்கும் ரிப்போர்ட்டைத் திறந்தான். கிரியாட்டினின் வரி சிவப்பில் இருந்தது. அக்கா விட்டுவிட்டாள், சந்தேகமே இல்லை என்று பெருமூச்சு விட்டான். அதோடு எழுந்து போயிருப்பான். எதற்கும் இருக்கட்டும் என்று, நோயாளி வெளியிலிருந்து பார்ப்பதுபோல அதே ரிப்போர்ட்டைப் பக்கத்துத் திரையில் திறந்தான்.

அந்த வரி இல்லை.

அந்த வரி மட்டுமில்லை, யூரியா, பொட்டாசியம், தைராய்டு என்று வரிசையாக ஐந்து வரிகள் இல்லை. அதற்கு மேலே இருந்த வைட்டமின் வரிக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை வரி ஒட்டி நின்றது. இடைவெளி இல்லை, கோணல் இல்லை, கட்டம் கலையவில்லை. ஏதோ காணாமல் போயிருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

சோடாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிய வேண்டும், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்த லேபில் ரிப்போர்ட் பக்கங்களைத் தயாரிக்கிற புரோகிராம் பழையது. எழுதியவர் எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். அதில் கைவைக்க எல்லோருக்கும் பயம். அதனால் பக்கத்தில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அங்கே மாற்ற மாட்டார்கள். தயாரான பக்கம் வெப் சர்வர் வழியாக வெளியே போகும்போது, அங்கே வழிமறித்து மாற்றுவார்கள். இந்த மாதிரி எழுத்துவரிசை வந்தால் இதை எடு, அதைப் போடு என்று சர்வரில் விதி எழுதி வைப்பது. ரெஜெக்ஸ் என்று அவர்கள் சொல்வது அந்த விதி எழுதும் முறையைத்தான். லேபின் பழைய போன் நம்பர் புதிய நம்பராவது ஒரு விதி. பழைய முத்திரை மறைவது இன்னொரு விதி. இப்படிப் பத்தொன்பது இருந்தன. பத்தொன்பதும் சோடா எழுதியவை. ஆபீஸில் அதற்காக அவனுக்குப் பெயரும் உண்டு, பாராட்டும் உண்டு.

பத்தொன்பதாவது விதி இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுதியது. சில பரிசோதனைகளை இந்த லேப் தானே செய்வதில்லை, வெளியே அனுப்பிச் செய்து வாங்கும். அப்படிப்பட்ட வரிக்குக் கீழே, இது வெளி லேபில் செய்யப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும். ஏன் வெளியே கொடுக்கிறீர்கள் என்று ஆட்கள் போன் செய்து கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெட்டியை எடுத்துவிடு என்று மேலிடத்தில் சொன்னார்கள். பெட்டி தொடங்கும் குறியிலிருந்து பெட்டி முடியும் குறிவரைக்கும் இருப்பதையெல்லாம் அழி என்று சோடா பத்து நிமிஷத்தில் விதி எழுதினான். மூன்று ரிப்போர்ட்டில் போட்டுப் பார்த்தான். மூன்றிலும் பெட்டி அழகாக மறைந்தது. டீ குடிக்கப் போய்விட்டான்.

அந்த மூன்றிலும் பெட்டி ஒன்றுதான் இருந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு பெட்டிகள் வந்தால்? அந்த விதி முதல் பெட்டியின் தொடக்கத்தில் வாயை வைக்கும். முதல் முடிவில் நிற்காது. எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், கடைசிப் பெட்டியின் முடிவில்தான் நிற்கும். நடுவில் கிடப்பதெல்லாம் போச்சு. முதல் முடிவிலேயே நில் என்று சொல்ல விதியில் ஒரே ஒரு எழுத்தைக் கூடப் போட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சோடா சொல்லித் தருகிற விஷயம் அது. அன்றைக்கு அவன் போடவில்லை.

அத்தானின் ரிப்போர்ட்டில் வைட்டமினும் தைராய்டும் வெளியே போனவை. இரண்டு பெட்டிகள். நடுவில் சிறுநீரகம்.

பத்து மணிக்கு இதைக் கண்டுபிடித்தான். பத்து ஐந்துக்கு விதியைத் தூக்கினான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது, அந்த நிமிஷம்கூட யாரோ ஒருவர் எங்கேயோ தன் ரிப்போர்ட்டைத் திறந்துகொண்டிருக்கலாம். எடுத்த கையோடு, இரண்டு மாதத்தில் எத்தனை பேருக்கு இப்படி ஆனது என்று தேடினான். இரண்டு பெட்டி வந்த ரிப்போர்ட்டுகள் இருநூற்றுச் சொச்சம். அவற்றில், சிவப்பு வரி விழுங்கப்பட்டவை அத்தானுடையதைத் தவிர நாற்பத்தொன்று. பெயரும் போன் நம்பருமாக ஒரு தாளில் எழுதினான். எதற்கு எழுதுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

பிறகு மேலாளரிடம் போனான். எதற்கெடுத்தாலும் பொறுமை, பொறுமை என்பதால் ஆபீஸில் அவர் பெயரே பொறுமை. கெட்ட மனுஷர் இல்லை. சோடா சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துப்போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இப்போது சரியாகிவிட்டதா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். ஆகிவிட்டது என்றான் சோடா.

"அப்போ பக்கத்துல வரி இருக்கு. திறந்து பார்த்தா தெரியும். பார்க்கலன்னா அது நம்ம தப்பு இல்ல."

"சார், அதுல ஒருத்தர் எங்க அத்தான்."

பொறுமை கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, நீ வீட்டுக்குப் போ, நான் மேலே பேசுகிறேன், அவர்கள் முடிவு செய்யட்டும், அதுவரைக்கும் வீட்டில்கூட வாயைத் திறக்காதே என்றார். சொல்லிவிட்டு அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஒன்றை மட்டும் சோடா யோசிக்கவில்லை. அவ்வளவு விவரமானவனுக்கு அது தோன்றவில்லை. சேமித்து வைத்த ரிப்போர்ட்டில் வரி எப்போதும் இருந்தது, வெளியே போகும் வழியில்தான் காணாமல் போனது. விதியை எடுத்துவிட்டால், ஆறு வாரமாக அங்கேயே இருந்ததுபோல அது இருக்கும். இல்லாமல் இருந்ததற்கு எந்த அடையாளமும் மிஞ்சாது.

ஆஸ்பத்திரியில் மணி பன்னிரண்டு. அத்தானின் பழைய சிம்மை வேறொரு கைபேசியில் போட்டு நாத்தனாரின் மகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அக்காவுக்கு உயிர் வந்தது. மூன்றாவது மாடி நடையில், பிளாஸ்டிக் நாற்காலியில் நாத்தனாரும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாளாக அவர்களுக்குள் பேச்சு இல்லை.

அக்கா எண்ணைப் போட்டாள், உள்ளே நுழைந்தாள், ரிப்போர்ட்டைத் தொட்டாள். பக்கம் திறக்க ஆரம்பித்ததும், தான் பார்க்காமலேயே கைபேசியை நாத்தனார் கையில் கொடுத்தாள். அவ்வளவு உறுதி அவளுக்கு.

"நீங்களே பாருங்க அண்ணி. இருந்தா என்னை என்ன வேணா சொல்லுங்க."

நாத்தனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. கைபேசியை அக்கா பக்கம் திருப்பிப் பிடித்தார்.

சிவப்பில் இருந்தது. யூரியா, அதற்குக் கீழே கிரியாட்டினின், அதற்கும் கீழே பொட்டாசியம். கண்ணை மூடிக்கொண்டு போகிறவர்களுக்கும் தெரிகிற சிவப்பு.

அக்கா மூடிவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள். தேதியைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், வயதைப் பார்த்தாள். எல்லாம் அதுவேதான். நாத்தனார் அந்த நேரத்தில் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கொட்டித் தீர்க்க அவ்வளவு வைத்திருந்த மனுஷி, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அக்கா குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். ஈரக் கையோடு தம்பிக்குப் போன் செய்தாள். சோடா அப்போது பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான், இரண்டு பேருந்துகளைப் போகவிட்டிருந்தான்.

"டேய், இருக்குடா."

"எது?"

"அந்த வரிதான். சிவப்பா இருக்கு. நான்தான் பார்க்கல."

சோடாவிடமிருந்து அக்கா என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"நேத்து உங்க ஆபீஸ் மேல பழி போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதடா."

"சரி" என்றான் சோடா.

எழுதிக்கொண்டிருக்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. என்ன சரி? அவளுக்கும் அவனுக்கும் பதினொரு வயது வித்தியாசம். இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் மன்னிப்புக் கேட்கிறாள், இவன் சரி என்கிறான். அடுத்த பேருந்தும் வந்து போனது.

அக்கா அதோடு நிற்கவில்லை. அச்சக முதலாளியைக் கூப்பிட்டு, இந்த மாதம் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட முப்பது தாள்களையும் வேறு யாரையாவது விட்டு முதலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள் என்றாள். அவர் ஏன், என்ன என்று பதறினார். என் கண்ணை இனிமேல் நம்ப வேண்டாம், நான் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அத்தான் முழுங்கிய அந்த வலி மாத்திரைக்கு உள்ளே வைக்கிற தாளும் அந்த அச்சகத்தில் அடித்ததுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது என்ற வரியில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்ததைச் சேர்த்தவளே அவள்தான்.

இரண்டு மணிக்கு அத்தானுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். கழுத்தில் குழாய். பக்கத்தில் ஒருவர் பத்து நிமிஷம் நிற்கலாம் என்றாள் நர்ஸ். அக்கா போய் நின்றாள், சுற்றி வளைக்காமல் சொன்னாள். அந்த வரி இருந்தது, நான் பார்க்கவில்லை, உங்களை இப்படிக் கொண்டுவந்து படுக்க வைத்தது நான்தான் என்றாள்.

அத்தான் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்.

"நான் எத்தனை ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிறுத்தியிருக்கேன். அதுக்காக ஜனங்க பஸ்ஸையா கொளுத்திட்டாங்க? விடு."

அவர் திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியாமல் வெளியே ஓடிவந்துவிட்டாள். இந்தச் சிறுநீரகம் மறுபடி வேலை செய்யுமா என்று கேட்டதற்கு, இரண்டு வாரம் போகட்டும், வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். கிளம்பும்போது, ஆறு வாரம் என்பது இந்த வியாதிக்குப் பெரிய காலம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சோடா வந்து சேர்ந்தபோது மணி நான்கு. நடையின் கடைசியில், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் குப்பிக்கு எதிரே அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குப்பியின் மேலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். பிறகு கையை மாற்றி அடுத்த கண்ணால் படித்தாள். இரண்டிலும் தெரிந்தது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

அவன் நெருங்கியதைக் கவனித்துவிட்டு, நாளைக்கு ஒரு கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், உனக்குத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டாள்.

வரும் வழியெல்லாம் சோடா ஏதேதோ யோசித்து வைத்திருந்தான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகச் சொன்னான்.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லக்கா. நீ பார்த்தப்ப அந்த வரி அங்க இல்ல."

"இருக்குடா. மத்தியானம் ரெண்டு பேரும்தான் பார்த்தோம்."

"மத்தியானம் இருந்துச்சு. நேத்து இல்ல. இன்னைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் இல்ல."

அக்கா கையை இறக்கினாள். அவன் சொன்னான். பெட்டி, தொடக்கக் குறி, முடிவுக் குறி, நடுவில் கிடந்ததெல்லாம் போனது. அவளுக்குக் கணினி தெரியாது. ஆனால் இது தெரியும். கையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டாள்.

"இங்கேருந்து எடுன்னு குறி போட்டா, எங்க முடியுதுன்னும் காட்டணும். வெறுமனே 'பெட்டி முடியிற வரைக்கும்'னு எழுதினா, எந்தப் பெட்டின்னு பக்கம் போடுறவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. கடைசி வரைக்கும் எடுத்துடுவார்."

"இது எங்க அச்சகத்துல முதல் வாரத்துல சொல்லித் தர்றது. எவன்டா இதை எழுதினவன்?"

சோடா தரையைப் பார்த்தான்.

"நான்தான்."

அவள் அவனை அறைவாள் என்று நினைத்தேன். அவனும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றான். அக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போ நான் சரியாத்தான் பார்த்திருக்கேன் என்று ஒரு தடவை சொன்னாள். தனக்கே சொல்லிக்கொள்கிறவள் மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம்தான் அழுகை வந்தது. இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. டீ வாங்கிக்கொண்டு வந்த நாத்தனார் நடுநடையில் அப்படியே நின்றுவிட்டார். முக்கால்வாசியை அவரும் கேட்டிருந்தார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையில பத்து மணிக்கு."

"நான் உனக்குப் போன் பண்ணினப்ப மணி என்ன?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"பன்னெண்டரை. தெரிஞ்சு வச்சுக்கிட்டுதான் சரின்னு சொன்னே. அதுக்கப்புறம் நான் வேலையை விட்டேன். அந்த மனுஷன்கிட்ட போய், உங்களை நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டு வந்தேன்டா."

சின்னச் சத்தத்தில்தான் சொன்னாள். பயமாக இருந்தது அக்கா என்றான் சோடா. வேலை போய்விடும் என்று பயமா என்று கேட்டாள். இல்லை, நீ இனி என் முகத்தில் முழிக்க மாட்டாய் என்று பயம் என்றான். அது உண்மைதான். பொய் சொல்கிற அளவுக்கு அவனிடம் அப்போது தெம்பு இல்லை.

நாத்தனார் வந்து அக்காவின் பக்கத்து நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீயை அக்கா கையில் கொடுத்து, குடி, ஆறிப்போகிறது என்றார். இரண்டு நாளில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சோடா ஒருவன் அங்கே நிற்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

அக்கா டீயைக் குடிக்கவில்லை. கையில் பிடித்தபடி யோசித்தாள். இருபத்து மூன்று வருஷம் பிழை பார்த்தவள். ஓர் இடத்தில் ஒரு தப்பு இருந்தால், அதே தப்பு வேறு எங்கே விழுந்திருக்கும் என்று அவளுக்கு மனம் தானாகப் போகும்.

"இவருக்கு மட்டுமா?"

சோடா சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தான்.

"இன்னும் நாப்பத்தொரு பேர்."

"சொல்லியாச்சா?"

"ஆபீஸ்ல முடிவு பண்ணுவாங்களாம். இப்போ பக்கத்துல வரி வந்துடுச்சு, திறந்தா தெரியும்னு சொல்றாங்க."

"யார்றா திறப்பாங்க? எல்லாம் சரியா இருக்குன்னு வந்த ரிப்போர்ட்டை எவனாவது ரெண்டாவது தடவை படிப்பானா?"

சோடா நிமிர்ந்து பார்த்தான். இது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"நாப்பத்தொரு வீட்டுலயும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பா. ஒண்ணும் இல்ல, நீங்க போங்கன்னு சொல்லியிருப்பா. நாளைக்கு அவர் விழுந்ததும் அவ திறந்து பார்ப்பா. அந்த வரி சிவப்பா இருக்கும். சாகுற வரைக்கும் தான்தான் பார்க்கலன்னு நினைச்சுக்குவா."

அவன் அக்கா என்று ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இவங்க எல்லாருக்கும் நீயே உன் வாயால சொல்லு. சொல்லி முடிச்சுட்டு வா. அதுவரைக்கும் என்னை அக்கான்னு கூப்பிடாதே."

எழுந்து உள்ளே போய்விட்டாள். பத்து நிமிஷம்தான் என்று நர்ஸ் தடுத்தும் கேட்கவில்லை. அவள் அத்தானிடம் சொல்ல வேண்டியது இருந்தது. நாத்தனார் டீக் குவளையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.

சோடா படியிறங்கி ஆஸ்பத்திரியின் பக்கவாட்டுச் சந்துக்கு வந்தான். ஆம்புலன்ஸ் கழுவுகிற இடம், தரை முழுக்கத் தண்ணீர். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கைபேசியை எடுத்ததும் பொறுமையிடமிருந்து அழைப்பு வந்தது. எடுக்காமல் விட்டான், நின்றது, உடனே மறுபடி வந்தது. துண்டித்தான். இதோடு வேலை போயிற்று என்று அவனுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கவலைப்பட அவனிடம் இடமில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

தாளில் முதல் நம்பரைப் போட்டான். நாலாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் தண்ணீர் விழுகிற சத்தமும், யாரோ சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற சத்தமும் கேட்டன.

சோடா லேபின் பெயரைச் சொன்னான். போன மாதம் உங்கள் வீட்டில் ஒருவருக்கு ரத்தம் எடுத்தார்கள் அல்லவா என்று கேட்டான்.

"ஆமா, எங்க அப்பாவுக்கு. அதான் ரிப்போர்ட் அப்பவே வந்துடுச்சே சார்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. "ஒண்ணும் பயமில்ல, எல்லாம் சரியா இருந்துச்சு. நானே ஒவ்வொரு வரியா பார்த்தேன்."